அமுலு கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி

பிரசவ வார்டுக்கு ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று இப்போதிருக்கும் தலைமை சிஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். பத்துப் பேர் என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் நீங்களே சரி பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

துணி மாற்றுவது, படுக்கை துடைப்பது, குழந்தையைப் பொத்தித் தூக்குவது எல்லாம் பத்து நாளில் உங்கள் கைக்குப் பழகிவிடும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருட வேலையில், ஒரு பெண்ணுக்கு உதவி என்று நினைத்து நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். என்னை யாரும் அதற்காக வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரு மெமோகூட வரவில்லை. அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரமாவது வருடத்தை ஒட்டிய காலம். அப்போது நம் வார்டில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேறு எங்கேயாவது பார்த்துவிட்டு, அங்கே ஆகாமல் கடைசி நேரத்தில் நம்மிடம் வருகிற பெண்களைத் திட்டுவோம். டாக்டர் திட்டுவார், சிஸ்டர் திட்டுவார், வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் திட்டுவார். வாய் அதிகம் இல்லாத நானும் "அங்கியே பெத்துக்க வேண்டியதுதான" என்று முணுமுணுத்திருக்கிறேன். அந்தத் திட்டைக் கேட்டுக் கேட்டு எண்ணூர், திருவொற்றியூர், காசிமேட்டு ஜனங்கள் ஒன்று தெரிந்துகொண்டார்கள். முதலில் போன இடத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அங்கே கொடுத்த சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, "நேரா வூட்லேர்ந்துதான் வரோம்" என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மாதம் நிறையும் முன்பே வலி கண்டுவிட்டால் அதை நிறுத்தி வைக்க ஒரு மருந்தை அப்போது டிரிப்ஸில் கலந்து ஏற்றுவார்கள். நம் வார்டிலும் ஏற்றினார்கள். அது ஏறும்போது அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை ஆடும், வியர்க்கும். அப்படி ஏறியும் வலி நிற்காமல் பிள்ளை பிறந்துவிட்டால், கேஸ் ஷீட்டில் ஒரு குறி போட்டு, குழந்தையைத் தனியாகக் கவனிப்பார்கள். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு பட்டையில் வைத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்ப்பார்கள் என்று தெரியும்.

ஜனங்களுக்கு அந்த மருந்தெல்லாம் வேறு வேறு இல்லை. கம்பியில் பாட்டில் தொங்கினால் அது குளுக்கோஸ். தெம்புக்கு ஏற்றுவது.

ஒரு கார்த்திகை மாதத்து மழை நாள். காலையில் ஏழு மணி டூட்டிக்கு வந்து புடவைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தேன். முழங்கால் தண்ணீரில் ஒரு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே வந்து நிறுத்தினாள் ஒரு பெண். அவள் பெயர் கஸ்தூரி. காசிமேட்டில் மீன் விற்கிறவள், கூவிக் கூவிக் குரல் உடைந்திருந்தது. உள்ளே சுருண்டு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி அமுலு. எண்ணூர்ப் பக்கம் வீடு. எட்டு மாதம் முடியவில்லை, வலி வந்துவிட்டது.

டூட்டி டாக்டரம்மா சின்னப் பெண்தான். இரண்டு கேள்விக்கு நடுவில் மூச்சுகூட விடாமல் கேட்டார்.

"வேற எங்கயாவது காட்டினீங்களா?"

"இல்லம்மா. காத்தால வலின்னுச்சி, ஆட்டோ புட்ச்சி நேரா இங்க இட்டாந்துட்டேன். என் தம்பி லாரி ஹார்பர் கேட்டாண்ட ரெண்டு நாளா வரிசைல நின்னுகினு கீது. அவனுக்கே சேதி தெரியாது."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"எம்மா, மீனு விக்கிறவ பொய் சொல்லுவாளா?"

"மீன் விக்கும்போது சொல்ல மாட்ட?"

அந்த அவசரத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டோம். கஸ்தூரியும் சிரித்தாள். கேஸ் ஷீட்டில், நேராக வீட்டிலிருந்து வந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

துணி மாற்ற அமுலுவை உள்ளே கூட்டிப் போனேன். இடது கையை முந்தானைக்குள் சுருட்டியே வைத்திருந்தாள். வளையல் கழற்ற வேண்டும் என்று கையை இழுத்தேன். புறங்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பஞ்சில் ரத்தம் இன்னும் சரியாகக் காயவில்லை.

"இன்னாம்மா இது?"

கஸ்தூரி முந்திக்கொண்டாள். "கொசு கட்ச்சிச்சி ஆயா."

"கொசு கட்ச்சா பிளாஸ்திரி ஒட்டுவாங்களா?"

"எங்க எண்ணூர் கொசுவ நீ பாத்ததில்ல."

அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "ஆயாம்மா, உன் கால்ல வுயறேன். திருவொத்தியூர்ல ஒரு கிளினிக்குல ரெண்டு நாளா குளுக்கோஸ் ஏத்துனாங்கோ. இன்னிக்கு விடியறவரிக்கும் ஏறிகினுதான் இருந்திச்சி. வலி நிக்கல, பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னுட்டாங்கோ. இத்தச் சொன்னா இங்க இன்னா பண்ணுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

அமுலு அப்போதுதான் பேசினாள். குரலே இல்லை. "போன தபா உண்மையத்தான் சொன்னோம். வலி எட்த்துகினு கீறேன், திட்டிகினே இருந்தாங்கோ. கொயந்த செத்துப் பொறந்துச்சி. அப்பவும் திட்டுனாங்கோ. இந்த தபா வேணாம் ஆயாம்மா."

போன முறை நானும் அந்த வார்டில்தான் இருந்தேன். திட்டியவர்களில் நானும் ஒருத்தியா என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கும் நினைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அந்தக் குளுக்கோஸ் ஏறச்சொல்ல நெஞ்சு இன்னாமா அட்ச்சிகிச்சி தெரியுமா?" என்றாள் அமுலு. "பஸ் எஞ்சின் மாதிரி. செத்துடுவேன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் நீங்கள் நன்றாகக் கவனியுங்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. தெம்புக்கு ஏற்றுகிற குளுக்கோஸில் நெஞ்சு அப்படி அடிக்காது. நம் வார்டிலேயே எத்தனை பெண்கள் அதே வார்த்தையை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். பாதி தெரிந்தது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. டாக்டரம்மா முன்னால் போய் நின்று, "இவர்கள் பொய் சொல்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண்ணை மறுபடியும் திட்டுவார்கள். அவர் முன்னால் வாயைத் திறக்க எனக்கும் பயம். குளுக்கோஸ்தானே, பிள்ளைக்கு நல்லதுதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, அந்தப் பிளாஸ்திரியை மெதுவாக எடுத்தேன். வலிக்காமல் எடுக்க எனக்குத் தெரியும். ஒட்டியிருந்த பசையையும் துடைத்தேன். வளையலை முன்னால் தள்ளி ஊசி போட்ட இடத்தை மறைத்தேன். "யாரும் கேக்க மாட்டாங்க, போ" என்றேன். அமுலு என் உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்து மணிக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கத்தின கத்தலில் பக்கத்து வார்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மாதம் முந்திப் பிறந்தாலும் நல்ல நிறம், நல்ல மூச்சு. குழந்தைகள் அறையில் இடமில்லை, ஒரு தொட்டிலில் இரண்டு இரண்டாகப் போட்டிருந்தார்கள். இவனுக்கு என்ன குறை, அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். கேஸ் ஷீட்டில் குறி இல்லையே. குதிகாலில் யாரும் குத்தவில்லை.

கஸ்தூரி ஒரு தம்ளரோடு வந்தாள். "ஆயா, நாக்குல ரெண்டு சொட்டு சக்கரத் தண்ணி வெக்கட்டா? எங்க வூட்ல பொறந்த ஒட்னே வெப்போம்."

"கூடாது. தாய்ப்பாலத் தவிர எதுவும் கூடாது" என்று தம்ளரை வாங்கி வைத்துவிட்டேன். அது சரிதான், இன்றைக்கும் சரிதான். நீங்களும் வாங்கி வைக்க வேண்டும். ஆனால் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில் அது பாதி. பிள்ளை பால் குடிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மறுபாதி. நான் முதல் பாதியைச் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அவன் தூங்கினான். அமுலு மார்பில் வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள், முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் தூங்கினான். "இவங்கப்பன் கொயந்தையா கத்துன கத்துக்கு இவன் எவ்ளோ சமத்து பாரு" என்று கஸ்தூரி பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பெருமை பேசினாள். அந்தப் பக்கத்துப் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அதன் அம்மா ஏக்கமாக இவனைப் பார்த்தாள். நானும் சமத்து என்றுதான் சொன்னேன். பதினொன்றரை மணி இருக்கும், அவன் கை விரல்கள் மெல்ல நடுங்கின. மழைக்குளிர் என்று இன்னொரு துணியைச் சுற்றினேன்.

அப்போது நம் வார்டில் ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். நாகர்கோவில் பக்கம். இருபது வருடம் ராயபுரத்தில் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. நாங்கள் எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், பெயர் சொன்னது கிடையாது. பன்னிரண்டு மணிக்கு அவர் கட்டில் கட்டிலாக வந்தார். அழுகிற பிள்ளையைத் தாண்டிப் போய், தூங்குகிற பிள்ளை முன்னால் நின்றார்.

"இவன் எப்பம் பால் குடிச்சான்?"

அமுலு திருதிருவென்று விழித்தாள். "தூங்கிகினே கீறான் சிஸ்டர். எயுந்துக்கவே இல்ல."

"நான் தூங்குனானான்னு கேக்கல. பால் எப்பம் குடிச்சான்?"

துணியைப் பிரித்து உள்ளங்காலைச் சுண்டினார். அழவில்லை. கையைத் தூக்கி விட்டார். துணி விழுகிற மாதிரி விழுந்தது. அடுத்த நிமிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நான். குதிகாலில் குத்தி வைத்த ரத்தத்தில், சர்க்கரை இருந்தால் மாற வேண்டிய பட்டை நிறம் மாறவே இல்லை. டாக்டரம்மாவின் முகம்தான் மாறியது.

நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். அழுதான். அந்த அழுகையைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா கதவுக்கு வெளியே நின்ற கஸ்தூரியை உள்ளே கூப்பிட்டார். நான் தட்டை ஏந்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"உங்க தம்பி சம்சாரத்துக்கு சர்க்கரை வியாதி இருக்கா?"

"இல்லம்மா."

"வலி நிக்கிறதுக்கு எங்கயாவது ஊசி, டிரிப்ஸ் ஏதாவது போட்டாங்களா? யோசிச்சுச் சொல்லு."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"காத்தாலயே சொன்னேனேம்மா. நேரா வூட்லேர்ந்துதான்."

"அப்போ பால் குடிக்காததாலதான் எறங்கியிருக்கும்" என்று டாக்டரம்மா எழுதினார்.

அவர் கேட்டபோது நான் சொல்லியிருக்கலாம். அவர் தலையைக் குனிந்து எழுதும்போது சொல்லியிருக்கலாம். எழுதி முடித்து அடுத்த குழந்தைக்குப் போகும்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைதான் அழுதுவிட்டானே, சரியாகிவிட்டதே, இப்போது எதற்கு அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நின்றுவிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். இன்னொரு முறை பட்டை வைத்தார்கள், நன்றாக இருந்தது. குழந்தைகள் அறையில் நெரிசல். மூன்றரை மணிக்கு, சோர்ந்தால் உடனே கூப்பிடு என்று சொல்லி, பிள்ளையை அமுலுவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். குறி இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மாற்று ஆட்கள் மழையில் வர முடியவில்லை என்று நானும் பெரிய சிஸ்டரும் இரண்டாவது டூட்டியும் பார்த்தோம். பார்வை நேரத்தில் கஸ்தூரி எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டாள். அமுலு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயத்துக்கான சிரிப்பு. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஒரு பெண்ணை ஏச்சுப்பேச்சு இல்லாமல் பெற்றுக்கொள்ள வைத்தேன் என்ற பெருமை.

விளக்குப் போடுகிற நேரம். அமுலு கூப்பிட்டாள். "ஆயாம்மா, இங்க வாயேன். என்னப் பாத்து சிரிக்கிறான்."

போய்ப் பார்த்தேன். உதடு ஒரு பக்கமாக இழுத்து இழுத்து விட்டது. கண் இரண்டும் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டன. ஒரு கால் மட்டும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. வாயைச் சுற்றி நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அமுலு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். நடையில் எதிரே பெரிய சிஸ்டர் வந்தார். ஓடிக்கொண்டேதான் சொன்னேன்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல வலி நிறுத்துற மருந்து ஏத்தியிருக்காங்க. ரெண்டு நாளு. இன்னிக்கு விடியறவரைக்கும்."

அவர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"காலையிலயே."

என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொல்வது கேட்டது. அதன் பிறகு உள்ளே எல்லாம் வேறு மாதிரி நடந்தது. டிரிப்ஸை நிறுத்தாமல் போட்டார்கள், வேறு மருந்தும் சேர்த்தார்கள், பெரிய டாக்டரை வரவழைத்தார்கள். மணிக்கு ஒரு தடவை குதிகாலில் குத்தினார்கள். மூன்று நாள் அப்படி. பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

நான்காம் நாள் பெரிய சிஸ்டர் என்னைத் துணி அறைக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அந்த மருந்து தாய்க்க ரத்தத்துல சக்கரைய ஏத்தும். கொடி வழியா பிள்ளைக்கும் அது போவும். பிள்ளைக்க ஒடம்பு உள்ளயே இன்சுலின சுரந்து சுரந்து அதுக்கு ஈடு குடுக்கும். மருந்தும் கொஞ்சம் பிள்ளைக்குப் போயி இன்சுலின இன்னும் கிளப்பி விடும். பிள்ளை பொறந்து கொடிய வெட்டியாச்சு. இனி தாய்க்கிட்ட இருந்து சக்கரை வராது. ஆனா இன்சுலின் சட்டுன்னு நிக்குமா? நிக்காது. ஒரு தடவ சக்கரை குடுத்தா ஏறும், பொறவும் எறங்கும். மருந்து ஏறுனது தெரிஞ்சா பிள்ளைய விட்டுக் கண்ண எடுக்க மாட்டோம்லா."

எங்கள் சந்தில் கார்ப்பரேஷன் தண்ணீர் நின்ற பிறகும் மோட்டாரை அணைக்க மறந்து போவார்கள். தண்ணீர் இல்லாமல் அது வெறுமனே ஓடி, உள்ளே கருகிப் போகும். எனக்கு அது ஞாபகம் வந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

"அப்ப அந்த மருந்துதானா சிஸ்டர் பண்ணுச்சி?"

"மருந்து மட்டும்னு டாக்டரே சொல்லல. மாசம் முந்திப் பொறந்தது, பால் குடிக்காதது எல்லாம் சேந்துதான். அந்த மருந்தால நாளு கூடக் கெடச்சு, நல்லாப் பொறந்த பிள்ளைகளும் உண்டு. மருந்த குத்தம் சொல்லிட்டு நாம தப்பிச்சிரக் கூடாது, பாத்துக்கிடுங்க."

பிறகு கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அவங்க ஏன் மறச்சாங்க?" என்று கேட்டார்.

"திட்டுவாங்கன்னு."

"ஆரு?"

"நாமதான் சிஸ்டர்."

அடுத்த வாரத்திலிருந்து பெரிய சிஸ்டர் அட்மிஷன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து வந்து நடுவில் நிற்பார். டாக்டராக இருந்தாலும் நிற்பார். ஒரு மாதத்தில் திட்டுவது குறைந்தது. ஆனால் ஜனங்களின் பயம் போக வருடங்கள் ஆயிற்று. வெளியே போட்டிருந்த பெஞ்சில், "எங்கியும் போவலன்னு சொல்லு" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு நான் கேட்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். எங்கே போனாய் என்று கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் கேட்பதில்லை. துணி மாற்றும்போது, வளையல் கழற்றும்போது, "நெஞ்சு தபதபன்னு அட்ச்சிகிச்சா? கை ஆடிச்சா?" என்று கேட்பேன். போன இடத்தை மறைக்கிற பெண் பட்ட கஷ்டத்தை மறைக்க மாட்டாள். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒருத்தியின் மாமியார் சத்தியமே செய்தாள், எங்கேயும் காட்டவில்லை என்று. மருமகளிடம் நெஞ்சு அடித்ததா என்றேன். "ஐயோ ஆயா, நேத்து பூரா அட்ச்சிகினே இருந்துச்சி, உனக்கு எப்டி தெரியும்?" என்றாள். பயந்துகொண்டே போய் டாக்டரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் பிறந்த உடனே பட்டை வைத்தார்கள். இறங்கித்தான் இருந்தது. ஆறாம் நாள் நல்லபடியாக வீட்டுக்குப் போயிற்று. டாக்டர் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சின்ன வேலைதானா அது, இதைத்தானா நான் அன்றைக்குச் செய்யவில்லை என்று இருந்தது.

அமுலுவின் பிள்ளையை நான்காம் மாதம் காட்ட வந்திருந்தார்கள். அன்று எனக்கு வேறு வார்டு. பெரிய சிஸ்டர்தான் சொன்னார். விளக்கைக் காட்டினால் பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவில்லையாம். கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளையில் பார்வைக்கு உள்ள இடம் அடிபட்டுவிட்டது என்றார்களாம். அதன் பிறகு அவர்கள் வரவில்லை. விலாசம் ரிஜிஸ்டரில் இருந்தது. எண்ணூர் ஒன்றும் தூரம் இல்லை. நான் போகவில்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு மத்தியானம் கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். "ஆயாம்மா" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். அமுலு. இளைத்துப் போயிருந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, ரோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கண்டெய்னரு. காலி வண்டி" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். காலி வண்டிதான்.

"அவங்கப்பன் கத்துக் குட்த்தது" என்றாள் அமுலு. "லோடு வண்டின்னா வேற சத்தமாம். ஒண்ணுகூட தப்பா சொல்ல மாட்டான்."

எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரிசையாக வரவில்லை. "அமுலு, அன்னிக்கு டாக்டரம்மா கேட்டாங்க பாரு, அப்ப நான் வாயத் தொறந்திருந்தா..."

"நானும்தான் தொறக்கல."

"உனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."

அவள் ரோட்டைப் பார்த்தாள். "வூட்ல எல்லாரும் என்னத்தான் சொல்றாங்கோ. பொய் சொல்லி புள்ள கண்ண வாங்கிட்டேன்னு. கஸ்தூரி அண்ணிகூட இப்ப அப்டித்தான் பேசுது. சொல்லிட்டுப் போவட்டும். உன் பேர மட்டும் நான் யார்கிட்டயும் எட்த்ததில்ல ஆயாம்மா. நீ எனக்காகத்தான செஞ்ச."

ஆறு வருடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள். நான் நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். "இல்லம்மா, நீ சொல்லணும். உன் மேல இல்ல, என் மேலதான்..." என்று ஆரம்பித்தேன்.

அமுலு என் கையை அழுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "இவன் முன்னால வேணா ஆயாம்மா. கண்ணுதான் தெரியாது. காது நல்லா கேக்கும்."

நிறுத்திவிட்டேன். பையன் எங்கள் பேச்சு நின்றதைக் கவனித்துவிட்டான். "யாரும்மா?" என்றான்.

"நீ பொறந்தப்ப உன்னத் தூக்கின ஆயாடா. கை குடு."

அவன் கையை நீட்டினான். நான் சத்தம் இல்லாமல் நின்றதால், நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. கை என்னைத் தாண்டி, பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண் பக்கம் போயிற்று. அந்தப் பெண் விலகினாள். கை காற்றில் நின்றது.

வாயைத் திறந்தேன்.

"இங்க கீறேன் நைனா. இந்தப் பக்கம்."

கை திரும்பி வந்தது.